வயிற்று உப்புசம் தீரவில்லையா? சினைப்பைப் புற்றுநோயின் எச்சரிக்கை அறிகுறிகள்



குடும்ப நலம் என்றால் எத்தனை குழந்தை, எவ்வளவு இடைவெளி என்பது மட்டும் அல்ல. பிள்ளைகளைப் பெற்று வளர்த்து ஆளாக்கிய தாயின் உடல்நலமும் குடும்ப நலந்தான். ஆனால் நம் சேர்வராயன் மலையில் என்ன நடக்கிறது? பிள்ளைப்பேறு முடிந்து கு.க. ஆபரேஷனும் முடிந்துவிட்டால், பெண்கள் தங்களுக்காக ஆஸ்பத்திரிப் படி ஏறுவது நின்றுபோகிறது. பேரப்பிள்ளைக்குத் தடுப்பூசி போட வருவார்கள். காய்ச்சல் என்று கணவரை அழைத்து வருவார்கள். தன் வயிற்றுக் கோளாறைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார்கள். கேட்டால், "அது வாயுங்க, தானா சரியாப் போயிடும்" என்பார்கள்.

பெரும்பாலும் அது வாயுதான். ஆனால் சிலருக்கு அது வாயு அல்ல. அந்தச் சிலரை நேரத்தோடு கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் இந்தப் பாடம். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமமாக இருந்தால், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

1. சினைப்பை என்பது எது?

பெண்ணின் அடிவயிற்றில் நடுவே கர்ப்பப்பை இருக்கிறது. அதன் இருபுறமும் பாதாம்பருப்பு வடிவத்தில், 3 செ.மீ. முதல் 4 செ.மீ. நீளத்தில் இரண்டு சினைப்பைகள் இருக்கின்றன. முட்டைப்பை என்றும் சூலகம் என்றும் சொல்வார்கள். மாதாமாதம் முட்டை வெளிப்படுவது இங்கிருந்துதான். பெண்மைக்குரிய சுரப்புநீர்கள் உண்டாவதும் இங்கேதான். சினைப்பையின் பக்கத்திலிருந்து கர்ப்பப்பைக்குப் போகும் மெல்லிய குழாய்க்குக் கருக்குழாய் என்று பெயர். கு.க. ஆபரேஷனில் கட்டி வெட்டுவது இந்தக் குழாயைத்தான். சினைப்பையைத் தொடுவதில்லை.

சினைப்பையிலோ, கருக்குழாயின் நுனியிலோ உள்ள அணுக்கள் கட்டுக்கு அடங்காமல் பெருகத் தொடங்கினால் அதுவே சினைப்பைப் புற்றுநோய். இதன் பெரும்பகுதி உண்மையில் கருக்குழாயின் நுனியில்தான் தொடங்குகிறது என்று கடந்த இருபது ஆண்டுகளில் நடந்த ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன.

இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகமும் கர்ப்பப்பை வாயும் முதல் இரண்டு இடத்தில் இருக்கின்றன. மூன்றாவது இடம் சினைப்பைக்கு. 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஏறக்குறைய 47,000 பெண்களுக்கு இது புதிதாக வந்தது என்றும், ஏறத்தாழ 33,000 பேர் இதனால் இறந்தார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு மதிப்பிட்டிருக்கிறது.

2. ஏன் தாமதமாகத் தெரிகிறது?

மார்பில் கட்டி வந்தால் கைக்குத் தட்டுப்படும். வாயில் புண் வந்தால் கண்ணுக்குத் தெரியும். சினைப்பையோ வயிற்றின் ஆழத்தில், குடல்களுக்கு நடுவே கிடக்கிறது. அதைச் சுற்றி இறுக்கமான சுவர் எதுவும் இல்லை. கட்டி பெரிதாக வளர்ந்தாலும் விலகிக்கொள்ள இடம் இருக்கிறது. அதனால் ஆரம்பத்தில் வலிப்பதில்லை.

நோய் வளர வளர, அணுக்கள் உதிர்ந்து வயிற்றுக்குள் விதை தூவியது போல் பரவுகின்றன. குடலின் மேல் போர்வை போல் தொங்கும் கொழுப்புத் திரையில் ஒட்டிக்கொள்கின்றன. வயிற்றுக்குள் நீர் கோக்கத் தொடங்குகிறது. இதனால்தான் வயிறு உப்பிக்கொள்கிறது, இரைப்பை நெருக்கப்பட்டு இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்க மறுக்கிறது, மூத்திரப்பை அழுத்தப்பட்டு அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டியிருக்கிறது. அறிகுறி எல்லாம் வயிற்றுக் கோளாறு போலவே இருப்பதால் முதலில் கஷாயம், பிறகு கடையில் வாங்கும் வாயு மாத்திரை, பிறகு அல்சர் மாத்திரை என்று மாதங்கள் ஓடிவிடுகின்றன.

நோய் சினைப்பைக்குள்ளேயே அடங்கியிருக்கும்போது சிகிச்சை செய்தால், பத்துப் பேரில் ஒன்பது பேர் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்கிறார்கள். தூரத்து உறுப்புகளுக்குப் பரவிய பிறகு பிடித்தால் பத்துக்கு மூன்று பேர்தான். இவை வெளிநாட்டுப் பதிவேடுகள் தரும் கணக்கு. நான்கில் மூன்று பங்கு நோயாளிகள் பரவிய பிறகுதான் வந்து சேர்கிறார்கள். இந்த இடைவெளியைக் கொஞ்சமாவது குறைக்க வேண்டும்.

3. நான்கு அறிகுறிகள்

2007-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புற்றுநோய் அமைப்புகள் ஒன்றுகூடி, இந்த நோய் ஓசையில்லாமல் வருவது அல்ல, மெல்லிய குரலில் பேசிக்கொண்டுதான் வருகிறது என்று எடுத்துச் சொன்னார்கள். அந்தக் குரல் நான்கு விதமாகக் கேட்கும்:

(அ) வயிறு உப்புசம், வயிறு பெருத்தல். காலையில் வடிந்து மாலையில் உப்புவது சாதாரண வாயு. வடியாமல் அப்படியே நிற்பதும், வாரத்துக்கு வாரம் கூடுவதும் கவனிக்க வேண்டியது.

(ஆ) அடிவயிற்றில் அல்லது வயிற்றில் வலி, பாரம், இழுத்துப் பிடித்தது போன்ற உணர்வு.

(இ) கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுதல், பசியின்மை. முன்பு இரண்டு உருண்டை களி தின்றவருக்கு அரை உருண்டைக்கு மேல் முடியாமல் போவது.

(ஈ) அடிக்கடி சிறுநீர் போக வேண்டியிருத்தல், வந்தால் அடக்க முடியாமை. எரிச்சலோ காய்ச்சலோ இருக்க வேண்டும் என்பதில்லை.

இவற்றோடு முதுகுவலி, காரணமில்லாத களைப்பு, புதிதாக வந்த மலச்சிக்கல், உடலுறவின்போது வலி, மாதவிலக்கில் மாறுதல் ஆகியவையும் சிலருக்கு இருக்கும். மாதவிலக்கு அடியோடு நின்று ஓர் ஆண்டு ஆன பிறகு துளி இரத்தம் பட்டாலும் டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும். இதற்கு நாள் கணக்கு எதுவும் பார்க்க வேண்டாம்.

தாய்மார்கள் வீட்டிலேயே கவனிக்கக்கூடிய ஓர் அடையாளம் உண்டு. பாவாடை நாடா வழக்கமான இடத்தில் முடிச்சுப் போட எட்டவில்லை. ஆனால் ரவிக்கையோ தோளிலும் கையிலும் தொளதொளக்கிறது. அதாவது வயிறு பெருக்கிறது, உடம்பு இளைக்கிறது. உடம்பு பூசினால் எல்லா இடமும் பூசும். வயிறு மட்டும் பெருத்துக் கன்னமும் கையும் ஒட்டினால் அது சதை அல்ல. காப்பிப் பழம் பறிக்கும்போது இடுப்பில் பை கட்டுகிற பெண்களுக்கு இந்த வித்தியாசம் சீக்கிரம் தெரியும். "போன சீசனில் இந்தக் கயிறு ரெண்டு சுத்து வந்துச்சு, இப்ப ஒரு சுத்துத்தான் வருது" என்று தோன்றினால் அதைச் சும்மா விடக்கூடாது.

4. காலண்டரில் ஒரு பொட்டு

"வயித்து உப்புசம் யாருக்குத்தான் இல்லை? எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடணுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, அந்தத் தொல்லை புதிதா? பத்து வருடமாக உள்ள வாயுத் தொல்லை வேறு. ஓர் ஆண்டுக்குள் புதிதாகத் தொடங்கியது வேறு.

இரண்டாவது, அடிக்கடி வருகிறதா? மாதத்தில் 12 நாட்களுக்கு மேல் வந்தால் அது அடிக்கடிதான்.

மூன்றாவது, நீடிக்கிறதா, கூடுகிறதா? கல்யாண விருந்து சாப்பிட்ட மறுநாள் வந்து போவதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

வீட்டில் தினசரி காலண்டரோ மாதக் காலண்டரோ மாட்டியிருப்பீர்கள். நான்கு அறிகுறியில் எது வந்தாலும் அன்றைய தேதியில் குங்குமத்தாலோ பேனாவாலோ ஒரு பொட்டு வையுங்கள். நாள்தாள் கிழிக்கும் காலண்டராக இருந்தால் பொட்டு வைத்த தாளைத் தனியே ஓர் ஆணியில் குத்தி வையுங்கள். மாதக் கடைசியில் எண்ணுங்கள். 12-ஐத் தாண்டினால் அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். காலண்டரையும் எடுத்துப் போங்கள். "எப்பவாச்சும் வலிக்கும்" என்று சொல்வதைவிட "இந்த மாசம் 16 நாள்" என்று சொன்னால் டாக்டர் உடனே காது கொடுப்பார்.

இந்த 12 என்ற எண் நாமாக வைத்தது அல்ல. நோயுள்ள பெண்களையும் இல்லாத பெண்களையும் ஒப்பிட்டுப் பார்த்து அமெரிக்க மருத்துவர்கள் 2007-இல் வகுத்த அளவு. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நிறுவனமும் 2011-இல் இதே அளவைத் தன் டாக்டர்களுக்குச் சொன்னது. 50 வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்குப் புதிதாகக் குடல் கோளாறு என்று வந்தால், சினைப்பையையும் சோதித்துவிடுங்கள் என்றும் அது கூறியது.

பயந்துவிடாதீர்கள். இப்படி அறிகுறி உள்ள நூறு பெண்களைச் சோதித்தால் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் இந்த நோய் இருக்கும். மற்றவர்கள் நிம்மதியாக வீடு திரும்பலாம். அந்த ஒருவருக்காகத்தான் இத்தனை முயற்சியும். அறிகுறி தெரிந்ததும் வந்துவிட்டால் எல்லோருக்கும் முதல் கட்டத்திலேயே பிடிபடும் என்றும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் கட்டி சிறிதாக, உடம்பில் தெம்பு மிச்சம் இருக்கும்போது சிகிச்சை தொடங்கலாம். இளைத்துத் துரும்பானபின் தொடங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

5. ஓர் உரையாடல்

மனைவி: ஏனுங்க, ரெண்டு வாய்க்கு மேல சோறு எறங்க மாட்டேங்குது.

கணவன்: நேத்து ராத்திரி தின்ன களி செரிச்சிருக்காது. சுக்குத் தண்ணி வெச்சுக் குடி.

மனைவி: சுக்குத் தண்ணி குடிச்சே ஒரு மாசம் ஆச்சுங்க. பாவாடை நாடாகூட எட்ட மாட்டேங்குது.

கணவன்: ஒரு மாசமாவா? ஏன் எங்கிட்ட சொல்லல?

மனைவி: காப்பி சீசனாச்சே, ஒரு நாள் கூலி போனா என்ன பண்றதுன்னுதான். நர்சம்மா சொன்னாங்கன்னு காலண்டர்ல பொட்டு மட்டும் வெச்சுட்டு வந்தேன்.

கணவன்: (எண்ணிப் பார்த்து) பதினாறு இருக்குது புள்ள! கூலி போனாப் போகட்டும். நாளைக்கு ரெண்டு பேரும் கீழ போயிட்டு வந்துடலாம். சமையல மருமக பாத்துக்கும்.

இந்த உரையாடலில் கணவன் செய்த மூன்று காரியங்களைக் கவனியுங்கள். எரிந்து விழாமல் கேட்டார். எண்ணிப் பார்த்தார். கூடவே வருவதாகச் சொன்னார். மலைக்கிராமத்துப் பெண்ணுக்குச் சேலம் என்பது வெறும் 30 கிலோமீட்டர் தூரம் அல்ல. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, அறிமுகமில்லாத ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று, தெரியாத டாக்டரிடம் அடிவயிற்றைப் பற்றிப் பேச வேண்டும். துணைக்கு ஆள் இருந்தால் அந்தத் தூரம் பாதியாகிவிடும். மாமியாரும் மருமகளும்கூட ஒருவருக்கொருவர் துணையாகலாம்.

6. யாருக்கு வாய்ப்பு அதிகம்?

எந்தப் பெண்ணுக்கும் வரலாம். எனினும் பெரும்பாலும் 50 வயதை ஒட்டியும் அதற்கு மேலும், மாதவிலக்கு நின்ற பிறகு வருகிறது. பிள்ளை பெறாதவர்களுக்கும், அதிக உடல் பருமன் உள்ளவர்களுக்கும் வாய்ப்புச் சற்றுக் கூடுதல்.

எல்லாவற்றிலும் முக்கியமானது குடும்ப வரலாறு. தாய், உடன்பிறந்த அக்கா தங்கை, மகள் இவர்களில் யாருக்காவது சினைப்பைப் புற்றுநோயோ, இளவயதில் மார்பகப் புற்றுநோயோ வந்திருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தந்தை வழியையும் பாருங்கள். அத்தைக்கும் அப்பாயிக்கும் வந்ததும் கணக்குத்தான். ஏனென்றால் இந்த நோய்க்கு வழிவிடும் பரம்பரைக் கூறுகள் அப்பா மூலமாகவும் மகளுக்கு வரும். 1994-இலும் 1995-இலும் இத்தகைய இரண்டு கூறுகளை விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அவற்றை இரத்தப் பரிசோதனையில் பார்க்க முடியும். ஆகவே கணவர்களே, உங்கள் தாய்க்கோ தமக்கைக்கோ வந்திருந்தால் அது உங்கள் மகளுக்குத் தெரிய வேண்டிய செய்தி.

அரிதாக, பதின்வயதுப் பெண்களுக்கும் இளம் பெண்களுக்கும் வேறு வகைச் சினைப்பைக் கட்டி வருவதுண்டு. கல்யாணமாகாத பெண்ணின் வயிறு பெருத்தால் ஊரார் தப்பாகப் பேசுவார்களோ என்று மூடி மறைக்காதீர்கள். இந்த வகை மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும். பெரும்பாலும் மறு சினைப்பையைக் காப்பாற்றலாம். அந்தப் பெண் பின்னால் பிள்ளையும் பெறலாம்.

7. கூட்டங்களில் கேட்கும் கேள்விகள்

கேள்வி: கு.க. ஆபரேஷன் பண்ணினதாலதான் வயிறு பெருக்குது, அது புத்துல கொண்டுபோய் விடும்னு சொல்றாங்களே?

பதில்: தவறு. ஆபரேஷனால் இந்தப் புற்றுநோய் வராது. கருக்குழாயைக் கட்டிக்கொண்ட பெண்களுக்கு வாய்ப்பு ஓரளவு குறைகிறது என்றே பல நாட்டு ஆராய்ச்சிகள் சொல்கின்றன. ஆனால் அடியோடு போய்விடாது. ஆபரேஷன் ஆன பெண்ணும் அறிகுறியைக் கவனிக்க வேண்டும்.

கேள்வி: கருத்தடை மாத்திரை சாப்பிட்டால்?

பதில்: மாலா-என் போன்ற மாத்திரைகளைப் பல ஆண்டுகள் சாப்பிட்டவர்களுக்குச் சினைப்பைப் புற்றுநோய் குறைவாக வருகிறது. பல நாடுகளில் நடந்த 45 ஆய்வுகளைச் சேர்த்து 2008-இல் வெளியிட்ட கணக்கின்படி, 15 ஆண்டு அளவுக்குச் சாப்பிட்டவர்களுக்கு வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிறது. இதற்காகவே மாத்திரை விழுங்க வேண்டியதில்லை. இரத்த அழுத்தம் உள்ளவர்கள், வயது கூடியவர்கள், மார்பகக் கட்டி இருந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக்கூடாது. பிள்ளைப்பேறும் தாய்ப்பால் கொடுப்பதும்கூட ஓரளவு பாதுகாப்புத்தான். அதற்காக நிறையப் பிள்ளை பெற வேண்டும் என்று யாரும் பொருள் கொள்ளாதீர்கள்!

கேள்வி: எனக்குக் கர்ப்பப்பையே எடுத்தாச்சு. இனிமே என்ன வரும்?

பதில்: கர்ப்பப்பையை எடுக்கும்போது சினைப்பைகளையும் எடுத்தார்களா என்று தெரியுமா? பலருக்குத் தெரிவதில்லை. இளவயதில் செய்யும் ஆபரேஷனில் சினைப்பைகளை விட்டுவிடுவது வழக்கம். அவை இருக்கிற வரையில் நோய் வர இடம் உண்டு. ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரி கொடுத்த சீட்டை நர்சம்மாவிடம் காட்டிக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தச் சீட்டை ரேஷன் கார்டோடு பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: போன மாசந்தான் சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்தாங்க. ஒண்ணும் இல்லைன்னாங்க. அது போதாதா?

பதில்: அந்தப் பரிசோதனை மிக நல்லது. 30 வயது கடந்த எல்லாப் பெண்களும் செய்துகொள்ள வேண்டும். ஆனால் அது பார்ப்பது கர்ப்பப்பையின் வாயை. சினைப்பை அதில் தெரியாது. அறிகுறி ஏதும் இல்லாத பெண்களை வரிசையாகச் சோதித்துச் சினைப்பைப் புற்றுநோயைப் பிடிக்கும் முறை உலகில் இன்னும் இல்லை. பிரிட்டனில் இரண்டு லட்சம் பெண்களை வைத்துப் பல ஆண்டுகள் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2021-இல் வந்தது. ஆண்டுதோறும் இரத்தமும் ஸ்கேனும் பார்த்தும் சாவு குறையவில்லை என்று அது சொன்னது. அதனால்தான் உங்கள் உடம்பு சொல்வதை நீங்களே கேட்பது இத்தனை அவசியமாகிறது.

கேள்வி: ஸ்கேனில் நீர்க்கட்டி என்று எழுதியிருக்கிறதே?

பதில்: மாதவிலக்கு ஆகிக்கொண்டிருக்கும் பெண்களுக்குச் சினைப்பையில் சாதாரண நீர்க்கட்டி வருவதும், இரண்டு மூன்று மாதத்தில் தானாகக் கரைவதும் சகஜம். பெரும்பாலான நீர்க்கட்டி புற்று அல்ல. டாக்டர் மறுபடி வரச் சொன்ன தேதியில் தவறாமல் போய் மறு ஸ்கேன் பாருங்கள். மாதவிலக்கு நின்றபின் வரும் கட்டியையும், கெட்டிப் பகுதி உள்ள கட்டியையும் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி: இது ஒட்டுவாரொட்டியா? செய்வினையா?

பதில்: இரண்டும் இல்லை. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, ஒரே பாயில் படுப்பதாலோ, தாம்பத்தியத்தாலோ ஒட்டாது. யார் செய்த பாவமும் அல்ல. சேர்வராயன் கோவிலுக்கு வேண்டிக்கொள்ளுங்கள். மனதுக்குத் தைரியம் வரும். வேண்டிக்கொண்ட கையோடு ஆஸ்பத்திரிக்கும் போங்கள்.

8. ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஏற்காடு அரசு மருத்துவமனையிலோ காட்டுங்கள். டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். நீர் கோத்திருக்கிறதா, கட்டி இருக்கிறதா என்று பார்ப்பார். உள்பரிசோதனையும் செய்யலாம். பெண் டாக்டர் வேண்டும் என்றால் தயங்காமல் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பெண்கள் நோய்ப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார்.

அங்கே ஸ்கேன் எடுப்பார்கள். அதில் வலி இல்லை. சி.ஏ. 125 என்ற இரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். அதன் அளவு 35-க்கு மேல் இருந்தால் மேற்கொண்டு ஆராய்வார்கள். அந்த எண் கூடியிருந்தாலே புற்றுநோய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மாதவிலக்கு நாட்களிலும், வேறு பல நோய்களிலும் அது கூடும். முக்கியமாக, வயிற்றில் வரும் காசநோய் அப்படியே சினைப்பைப் புற்றுநோய் போல வேஷம் போடும். வயிற்றில் நீர் கோக்கும், உடம்பு இளைக்கும், சி.ஏ. 125-ம் ஏறும். காசநோய் என்றால் மாத்திரையிலேயே குணமாகும். எது என்று தெரிய சோதனையை முழுவதும் முடிப்பது அவசியம். பாதியில் பயந்து ஓடிவந்தால் குணமாகக்கூடிய நோயும் முற்றிவிடும்.

புற்றுநோய் என்று உறுதியானால் இரண்டு சிகிச்சைகள் உண்டு. ஒன்று அறுவைச் சிகிச்சை. மற்றது கீமோதெரபி என்னும் மருந்துச் சிகிச்சை. இரத்தக் குழாய் வழியாகச் சில வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்றுவார்கள். எது முதலில் என்பதை நோயின் கட்டத்தைப் பார்த்து டாக்டர்கள் தீர்மானிப்பார்கள். மருந்தால் முடி உதிரும். பிறகு மறுபடி வளரும். இந்த அறுவையைப் புற்றுநோய் அறுவையில் தேர்ந்தவர் செய்வதுதான் நல்லது. அதனால் சேலத்திலிருந்து மேலே அனுப்பினால் தயங்காமல் போங்கள்.

காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அண்ணாவே 1969-இல் புற்றுநோயால் மறைந்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையம் இருக்கிறது. அது உருவான கதையைக் கேளுங்கள். புதுக்கோட்டையில் பிறந்து டாக்டரான முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துயரத்தை மனதில் வைத்துப் பல ஆண்டு பாடுபட்டு, 1954-இல் 12 படுக்கைகளோடு அந்த நிலையத்தைத் தொடங்கினார். மகப்பேறு மருத்துவம் படித்த டாக்டர் வி. சாந்தா 1955-இல் அங்கே சேர்ந்து, 2021-இல் மறையும் வரை நோயாளிகளுக்காகவே வாழ்ந்தார். புற்றுநோய் என்றால் முடிவு என்று நாடே நினைத்த காலத்தில், முன்னதாக வந்தால் குணமாக்கலாம் என்று காட்டியவர்கள் இவர்கள்.

"பம்பாய்", "இந்தியன்" படங்களில் நடித்த மனீஷா கொய்ராலாவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அவருக்கு 2012-இல் சினைப்பைப் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவையும் மருந்துச் சிகிச்சையும் முடித்து, மீண்டு வந்து நடித்துக்கொண்டும் இருக்கிறார். வசதி உள்ளவர், வெளிநாட்டில் வைத்தியம் செய்துகொண்டவர் என்பது உண்மைதான். ஆனால் அதே அறுவையும் மருந்தும் நம் நாட்டிலும் உண்டு. அரசு மருத்துவமனையில் கட்டணம் இல்லை. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை உதவி உண்டு. காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் நோய் வரும்வரை காத்திருக்காமல், ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு விசாரித்து இப்போதே எடுத்து வையுங்கள். விவரம் கேட்க 104-க்குப் போன் செய்யலாம்.

9. செய்யக் கூடாதவை

* தொடர்ந்து வயிறு உப்பும்போது தொக்கம் எடுப்பது, குடல் தட்டுவது, வயிற்றை எண்ணெய் போட்டு அழுத்தி உருவுவது வேண்டாம்.
* கடையில் வாயு மாத்திரை வாங்கி இரண்டு வாரத்துக்கு மேல் ஓட்டாதீர்கள்.
* என்ன நோய் என்று பார்க்காமல், வயிற்று நீரை மட்டும் ஊசி குத்தி எடுத்துவிட்டு வீடு திரும்பாதீர்கள். நீர் மறுபடி ஊறும். காரணம் அப்படியே இருக்கும்.
* சந்தேகமான கட்டியைக் குத்தி வற்றவைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். புற்றாக இருந்தால் அது வயிற்றுக்குள் சிந்திப் பரவக்கூடும்.
* பாதிச் சிகிச்சையில் நின்றுவிடாதீர்கள். இரண்டு முறை மருந்து ஏற்றியதும் வயிறு வடியும், பசி எடுக்கும். அது குணம் அல்ல, குணத்தின் தொடக்கம்.

திடீரென்று தாங்க முடியாத அடிவயிற்று வலி, விடாத வாந்தி, மயக்கம், மூச்சு வாங்குதல் இருந்தால் காலண்டர் பார்க்க வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மலையில் வண்டி வந்து சேர நேரமாகலாம். ஆகவே முதல் வலியிலேயே கூப்பிடுங்கள். எஸ்டேட் வண்டியோ ஜீப்போ கிடைத்தால் பாதி வழிக்குக் கொண்டு வாருங்கள்.

10. பாடத்தை நினைவுபடுத்திக்கொள்வோம்

கணவன் கேட்க மனைவி பதில் சொல்லுங்கள். பிறகு மாற்றிக் கேளுங்கள்.

1. நான்கு அறிகுறிகள் எவை?
(உப்புசம், வயிற்றுவலி, சீக்கிரம் வயிறு நிறைதல், அடிக்கடி சிறுநீர்.)

2. மாதத்தில் எத்தனை நாளுக்கு மேல் வந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும்?
(12 நாளுக்கு மேல், புதிதாக வந்த தொல்லையாக இருந்தால்.)

3. கு.க. ஆபரேஷன் செய்தவருக்கும் கர்ப்பப்பை எடுத்தவருக்கும் இந்த நோய் வருமா?
(சினைப்பை இருக்கும்வரை வரலாம்.)

4. மாதவிலக்கு நின்றபின் இரத்தம் பட்டால்?
(உடனே காட்ட வேண்டும்.)

5. நம் இரு குடும்பத்திலும் யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்ததா?
(இதற்கான பதிலை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.)

தாய்மார்களே! தோட்டத்தில் மிளகுக்கொடியில் ஓர் இலை பழுத்தாலே வேரில் என்ன என்று குனிந்து பார்க்கிறீர்கள். உங்கள் உடம்புக்கும் அந்தக் கவனம் வேண்டும். கணவன்மாரே! அவர் சொல்லாவிட்டாலும், தட்டில் சோறு மிஞ்சுவதை நீங்கள் கவனியுங்கள். இன்று இரவே காலண்டரைப் பாருங்கள். பொட்டு வைக்கத் தேவையே இல்லாமல் இருந்தால் மகிழ்ச்சி. தேவைப்பட்டால் எண்ணத் தவறாதீர்கள்.

படித்து முடித்ததும் இந்தப் பிரசுரத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.

நலமாக வாழ்க!